பிளாஸ்ட் தேடலுக்குச் சொந்தமாக ஒரு நியூக்ளியோடைடு தரவுத்தளம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய மீன் துண்டு வஞ்சிரமா, கொடுவாவா என்று இனத்தை அடையாளம் காண உதவும் சிஓஐ மரபணு வரிசையை வைத்து ஒருமுறை பார்க்க, அமெரிக்க அரசின் உயிரியல் தரவு மையமான என்சிபிஐயின் இணையதளமே போதும். அதே முப்பது நாற்பது இனங்களோடு திரும்பத் திரும்ப ஒப்பிட வேண்டுமென்றால், தரவுத்தளத்தை உங்கள் கணினியிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். அதற்காக என்சிபிஐயின் பெரிய நியூக்ளியோடைடு தொகுப்பான என்டி முழுவதையும் இறக்க வேண்டாம். அது நூற்றுக்கணக்கான கிகாபைட்.

வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் பிளஸ் மென்பொருளை நிறுவிவிட்டீர்கள், டெர்மினல் திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் எல்லா வரிசைகளையும் ஒரே ஃபாஸ்டா கோப்பில் சேருங்கள் (ஒவ்வொன்றுக்கும் ‘>’ குறியில் தொடங்கும் தலைப்பு வரி, அதன் கீழே வரிசை). நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற வெற்று எழுத்துத் திருத்தி போதும். வேர்ட் வேண்டவே வேண்டாம்.

இனிதான் கவனம் தேவை. ஒவ்வொரு வரிசையின் தலைப்பு வரியிலும், முதல் இடைவெளி வரை இருப்பதுதான் அடையாளம். மீதியெல்லாம் வெறும் விளக்கம். ‘வஞ்சிரம் 01’, ‘வஞ்சிரம் 02’ என்று எழுதினால் இரண்டின் அடையாளமும் ‘வஞ்சிரம்’ என்றே ஆகிவிடும். அடிக்கோடு போட்டு ‘வஞ்சிரம்_01’ என எழுதுங்கள். கோப்பில் ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள், 50 எழுத்துகளைத் தாண்டாதீர்கள்.

அப்புறம் தரவுத்தளத்தை உருவாக்கும் மேக்பிளாஸ்ட்டிபி கட்டளை. ‘இன்’னுக்கு ஃபாஸ்டா கோப்பு, ‘டிபிடைப்’புக்கு ‘நியூக்ல்’ (முழுச் சொல்லை எழுதினால் ஏற்காது), ‘அவுட்’டுக்கு தேக்காமீன் போல ஒரு சின்னப் பெயர். ‘பார்ஸ் செக்ஐடிஸ்’ஸையும் கட்டாயம் சேருங்கள். அது இல்லாவிட்டாலும் தரவுத்தளம் உருவாகும்; ஆனால் பின்னால் அடையாளத்தைச் சொல்லி ஒரு வரிசையை மட்டும் வெளியே எடுக்க முடியாது. இரட்டை அடையாளம் இருந்தால் இதுதான் அங்கேயே நிறுத்திக் காட்டிக்கொடுக்கும்.

முடிந்ததும், தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பிளாஸ்ட்டிபிசிஎம்டி கட்டளையில் ‘இன்ஃபோ’ கேட்டுப் பாருங்கள். அது சொல்லும் வரிசைகளின் எண்ணிக்கை, ஃபாஸ்டாவில் உள்ள தலைப்பு வரிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும்.

பிளாஸ்ட்என் கட்டளையால் தேடும்போது ‘அலியாஸ் அல்லது இண்டெக்ஸ் கோப்பு இல்லை’ என்று பிழை வந்தால் பதற வேண்டாம். அந்தச் செய்தியிலேயே எந்தக் கோப்புறைகளில் தேடியது என்று சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். உங்கள் கோப்புறை அதில் இல்லையென்றால், அதன் முழு முகவரியைப் பிளாஸ்ட்டிபி என்ற சூழல் மாறியில் கொடுங்கள். கோப்புறைப் பெயரில் இடைவெளி வேண்டாம். தேடல் கட்டளையில் ‘டிபி’க்குத் தேக்காமீன் என்று மட்டும் கொடுங்கள், கோப்பின் பின்னொட்டு கூடாது.

பின்சேர்க்கை: சூழல் மாறியை அமைத்த பிறகும் அதே பிழை வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விண்டோஸ் அமைப்புகளில் அதை மாற்றினால், ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலுக்கு அது தெரியாது. மூடிவிட்டுத் திறந்தால் சரியாகிவிடும்.

இன்னொருவருக்கு வேறு இன மீனோடு பொருத்தமே கிடைக்கவில்லை. பிளாஸ்ட்என் இயல்பாக மெகாபிளாஸ்ட் முறையில் ஓடும்; மிக நெருங்கிய வரிசைகளுக்குத்தான் அது ஏற்றது. ‘டாஸ்க்’கில் பிளாஸ்ட்என் என்றே கொடுங்கள். பிரைமர் போன்ற குட்டி வரிசை என்றால் பிளாஸ்ட்என் ஷார்ட்.

புது மீன் சேர்க்கிறீர்களா? ஃபாஸ்டாவில் சேர்த்து மேக்பிளாஸ்ட்டிபியை மறுபடி ஓட்டுங்கள். இந்த அளவுக்கு நொடிகளில் முடிந்துவிடும்.