எங்கள் எஸ்டிபியும் ஊர்த் தண்ணீரும்: தனியாரோடு கூட்டுச் சேரும்போது செய்யும் தவறுகள்

பெங்களூரு கே.ஆர்.புரத்தில் எங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை, அதாவது எல்லோரும் எஸ்டிபி என்று சொல்வதை, மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்தோம். மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. கரண்ட் பில்லும் அவர்கள் கணக்கில். டெண்டர் எழுதிய கமிட்டியில் நானும் இருந்தேன். கரண்ட் செலவைத் தள்ளிவிட்டோம் என்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் மாதமே விடியற்காலையில் நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. விசாரித்தால், இரவு பதினொரு மணிக்கு மேல், தொட்டிக்குள் காற்று ஊதும் ப்ளோயரை அணைத்துவிடுகிறார்கள். எஸ்டிபியில் கரண்ட்டை அதிகம் தின்பது அந்த ப்ளோயர்தான். தொட்டிக்குள் காற்றுப் போகாவிட்டால் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்து மிதக்கும். சண்டை போடலாம் என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். வெளியே வரும் தண்ணீர் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று ஆறு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

பிபிபி என்று செய்தியில் அடிபடும் அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களின் ஒப்பந்தங்கள் நூற்றுக்கணக்கான பக்கம் போகும். ஆனால் அவற்றிலும் அடிக்கடி நடப்பது எங்கள் தவறுதான். செலவை யார் தலையில் வைக்கலாம் என்று பார்க்கிறார்களே தவிர, அந்தச் செலவைக் குறைக்க அவர் எதைக் கைவிடுவார் என்று யோசிப்பதில்லை.

கங்கையைச் சுத்தப்படுத்தும் நமாமி கங்கே திட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நிலையம் கட்டும்போது தனியாருக்குக் கிடைப்பது கட்டுமானச் செலவில் 40 சதவீதம்தான். மீதி 60 சதவீதம், நிலையத்தை ஓட்டும் 15 ஆண்டுகளில் தவணையாக வரும். தண்ணீர் தரம் குறைந்தால் பணத்தில் கை வைப்பார்கள். கரண்ட் செலவை அரசே தரும், ஆனால் டெண்டரில் நிறுவனமே ஒப்புக்கொண்ட யூனிட் அளவு வரைதான். ப்ளோயரை அணைப்பதிலும் லாபமில்லை, வீணாக ஓட்டுவதிலும் லாபமில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அடுத்த தவறு, அளக்காமல் கையெழுத்துப் போடுவது. எங்கள் எஸ்டிபிக்குள் தினமும் எவ்வளவு கழிவுநீர் வருகிறது என்று காட்ட ஒரு மீட்டர் இல்லை. ஊர்க் குடிநீரிலும் நிலைமை ரொம்ப வேறு இல்லை. பெங்களூருக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டரிலிருந்து மூன்று கட்டமாகப் பம்ப் செய்யப்பட்டு, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம் ஏறி வருகிறது. (இந்த ஊரில் தமிழர் நாம் காவிரி என்றதும் குரலைத் தாழ்த்திப் பழகியவர்கள். இந்தக் கணக்கைச் சத்தமாகவே பேசலாம்.) அப்படி ஏறி வந்த நீரில் பாதிக்கு அருகில் பல ஆண்டுகள் கணக்கில் வராமலே போனது. எல்லாம் குழாய்க் கசிவு என்று நினைத்துவிட வேண்டாம். ஓடாத மீட்டர், பதிவில்லாத இணைப்பு, பில் போகாத தெருக்குழாய் எல்லாம் அதில் அடக்கம். எது எவ்வளவு என்று பிரிக்காமல் ‘இழப்பைக் குறை’ என்று மட்டும் எழுதினால், தெருவைத் தோண்டிக் கசிவை அடைப்பதைவிட மீட்டரை மாற்றிப் பில் போடுவது நிறுவனத்துக்குச் சுலபம். எண் குறைந்துவிடும், குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஹுப்ளி–தார்வாட், பெலகாவி, கலபுரகி ஊர்களில் உலக வங்கிக் கடனில் 24 மணி நேரத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தபோது இந்தத் தவறைத் தவிர்த்தார்கள். ஊர் முழுவதையும் தூக்கிக் கொடுக்காமல், சில வார்டுகளை மட்டும் பிரித்துக் கொடுத்தார்கள். வந்த வெளிநாட்டு நிறுவனம் முதலில் குழாய்களை ஆய்வு செய்து திட்டம் தர வேண்டும், பிறகு சீர் செய்ய வேண்டும், அதன்பின் சில ஆண்டு இயக்கிக் காட்ட வேண்டும். குழாய்கள் மாநகராட்சியின் சொத்தாகவே இருந்தன. அதைப் பெரிய வெற்றி என்பவர்களும் உண்டு, சிறு பகுதிக்குக் காசைக் கொட்டினார்கள் என்பவர்களும் உண்டு. அளந்தபின் தொடங்கினார்கள் என்பது எனக்குப் போதும்.

எங்கள் பொருளாளர் திருப்பூர்க்காரர். பிபிபி பேச்சை எடுத்தாலே அவர் ஊர்க் கதை வந்துவிடும். அங்கே சாயப்பட்டறைகளுக்கும் ஊருக்குமாக, பவானிப் பக்கமிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம், சுமார் ஆயிரம் கோடி ரூபாயில், 30 ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தது. இந்தியாவின் முன்னோடித் திட்டம் என்று பேசப்பட்டது. கணக்கு முழுக்கப் பட்டறைகள் வாங்கப்போகும் தண்ணீரை நம்பி நின்றது. 2011 ஜனவரியில், நொய்யலைக் கெடுத்ததற்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

“ஏனுங்க, வாங்கற பட்டறையே பூட்டிக் கெடந்தா தண்ணிய என்னங்க பண்றது?” என்பார் பொருளாளர். தண்ணீர் தயார், வாங்க ஆளில்லை, கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. கழிவுநீர்ப் பிரச்சினை தீராமல் பட்டறைகள் நிலைக்காது என்பது ஊரே அறிந்ததுதான். ஆனால் தண்ணீர்க் கணக்கு எழுதியவர்கள் அதைத் தனிப் புத்தகமாக வைத்துவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறானது சென்னைக்கு அருகிலுள்ள மீஞ்சூர். கடல்நீரைக் குடிநீராக்கி நாளுக்கு 10 கோடி லிட்டர் தருவதற்காக 2010இல் தொடங்கிய ஆலை அது. அங்கே தண்ணீரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சென்னைக் குடிநீர் வாரியம் பணம் தர வேண்டும் என்ற ஏற்பாடு. ஏரி நிறைந்த வருடத்தில் இது வயிற்றெரிச்சல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது கைகொடுத்தது. மழைக்கு எதிரான காப்பீடாக நினைத்து வாங்கினால் சரி. மலிவான தண்ணீர் என்று நினைத்து வாங்கினால் தவறு. எதை வாங்குகிறோம் என்று மக்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கட்டணத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் 2014 நவம்பரில் ஏறிய தண்ணீர்க் கட்டணம் அடுத்து ஏறியது 2025 ஏப்ரலில். இடையில் கரண்ட் கட்டணம் எத்தனை முறை ஏறியது என்று எந்த வீட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்வார். தனியாருக்குத் தரும் தொகை விலைவாசியோடு ஏறும், மக்கள் தரும் தொகை பத்து வருடம் அசையாது என்றால், நடுவில் உள்ள பள்ளத்தை வாரியத்தின் கஜானாதான் நிரப்ப வேண்டும். அந்தத் தொகையைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

மக்களிடம் கடைசியில் சொல்வது, எல்லாவற்றையும்விட விலை கூடிய தவறு. எங்கள் கே.ஆர்.புரம் முன்பு தனி நகரசபை. சுற்றியிருந்த மற்ற நகரசபைகளைப் போல இங்கும் காவிரி இணைப்புக்கென்று வீட்டுக்காரர்களிடம் முன்பணம் வாங்கினார்கள். 2007இல் நகரசபைகளே மாநகராட்சிக்குள் கலந்துவிட்டன. பலருக்குத் தண்ணீர் வர வருடங்கள் ஆயின. பழைய குடித்தனக்காரர்கள் அந்த ரசீதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்கள். டெல்லியில் 2005இல் ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்த விதம் பற்றிய ஆவணங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் வெளியே வந்ததும், 24 மணி நேரத் தண்ணீர்த் திட்டமே நின்றுபோனது.

ஆலந்தூரிலும் முன்பணம்தான் வாங்கினார்கள். பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய். அன்றைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதியும் கவுன்சிலர்களும் தெருத்தெருவாகப் போய் விளக்கிக் கேட்டார்கள். சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் தனியார் கட்டி ஓட்டினார்கள். வேலை கண்ணுக்குத் தெரிந்ததால் காசு கொடுத்தவர்கள் கோபப்படவில்லை.

ஒப்பந்தம் முடியும் நாளைப் பற்றி எங்களைப் போலப் பலர் யோசிப்பதில்லை. முப்பது வருடம் கழித்து பம்ப் எந்த நிலையில் திரும்ப வரும், வரைபடம் யாரிடம் இருக்கும், ஊழியர் யார்? எங்கள் நிறுவனம் போன மாதம் விடைபெற்றது. கன்ட்ரோல் பேனலின் பாஸ்வேர்டையும் கூடவே எடுத்துப்போய்விட்டது. எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி இப்போது ப்ளோயரைக் கையால் போட்டு அணைக்கிறார், இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு.