தோல் இறுக்க நோய்: உள்ளே நடக்கும் அழற்சியை வீட்டிலிருந்தே கண்காணிப்பது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே தழையும் ஈரமண்ணும் போட்டு மூடிக் கரிமூட்டம் போடுவார்கள். வெளியே தீ தெரியாது. மூட்டம் காப்பவர் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே விறகு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஸ்க்லீரோடெர்மா என்னும் தோல் இறுக்க நோயில் அழற்சியும் இப்படி மூடாக்குக்குள்தான் வேலை செய்கிறது. மண்டபம் பக்கம் கருவாட்டுக் களத்தில் வேலை பார்த்த என் அத்தைக்கு இந்த நோய் வந்த பிறகு, புகையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவே எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காலத்தை மற்றவர்கள் இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நோயின் போக்கைப் புரிந்துகொள்ளுங்கள். இது அரிதான நோய். ஆண்களைவிடப் பெண்களையே பல மடங்கு அதிகமாக, பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தாக்குகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே பகையாக எண்ணி, முதலில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. அங்கே வந்து சேரும் வெள்ளணுக்கள் இன்டர்லூகின்-6, டிஜிஎஃப்-பீட்டா போன்ற வேதித் தூதுகளை வெளியிடுகின்றன. அந்தத் தூதுகளைப் பெறும் நார்த்திசு அணுக்கள், காயம் ஆறிய பிறகும் நிறுத்தத் தெரியாமல் கொலாஜன் நாரை உற்பத்தி செய்துகொண்டே இருப்பதால்தான் தோலும், சிலருக்கு நுரையீரலும் உணவுக்குழாயும், தடித்து இறுகுகின்றன. அழற்சியாக இருக்கும்வரை மருந்து பெரும்பாலும் கேட்கிறது. தழும்பாக மாறியதை மருந்தால் திரும்பப் பெறுவது கடினம். ஆகவே முதல் சில ஆண்டுகளே முக்கியமானவை.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அழற்சி என்றால் காய்ச்சலும் வீக்கமும் இருக்க வேண்டும், இரத்தப் பரிசோதனையில் ஈஎஸ்ஆர் என்னும் அழற்சி அளவு ஏறியிருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். இந்த நோயில் ஈஎஸ்ஆர், அதைப் போன்ற இன்னொரு அளவான சிஆர்பி இரண்டும் சரியாக இருக்கும்போதே உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கலாம். அத்தைக்கு முதலில் பார்த்த இடத்தில் அந்த ஒரு பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு "வாதமெல்லாம் இல்லை, வேலைக் களைப்புதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏஎன்ஏ என்னும் தன்னெதிர்ப்புப் பரிசோதனை இந்நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு நேர்மறையாக வரும்; ஐயம் இருந்தால் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அதற்கடுத்து எஸ்சிஎல்-70, சென்ட்ரோமியர் ஆகிய எதிர்ப்பொருள்களைப் பார்ப்பார்கள். முன்னது இருந்தால் நுரையீரலைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

முதல் புகை விரலில்தான் கிளம்பும். ஐஸ் பெட்டியில் கைவிட்டதும், அல்லது கார்த்திகை, மார்கழி வாடைக்காற்றில் விடியற்காலை வெளியே வந்ததும், விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சூடு பட்டதும் சிவந்து குத்தும். 1862-ஆம் ஆண்டில் மொரீஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்ததால் ரேனாட் நிகழ்வு என்கிறோம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் புறங்கையில் இந்த நிறமாற்றம் எளிதில் தெரியாது. உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தடியையும் பாருங்கள். ரேனாட் மட்டும் இருப்பவர்கள் நிறையப் பேர், அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் அதோடு விரல்கள் உப்பி, நேற்றுவரை சுழன்ற மோதிரம் இன்று நகரவில்லை என்றால், தாமதிக்காமல் வாதநோய் நிபுணரிடம் செல்லுங்கள்.

நோய் உறுதியான பிறகு ஒரு குறிப்பேடு போடுங்கள். மாதம் ஒருமுறை, அதே சன்னலோர வெளிச்சத்தில், விரித்த கையையும் மூடிய முட்டியையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். நடுவிரலின் புறத்தோலைக் கிள்ளித் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். வாயை முழுக்கத் திறந்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையிலான தூரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். அத்தை மீன்முள்ளை வாயில் ஒதுக்கிப் பிரிக்கச் சிரமப்பட்டதை நாங்கள் கவனித்தபோது, அந்த அளவு முன்பே குறைந்திருந்தது. தண்ணீர்க் குடம் தூக்கி வழக்கமான தூரம் நடக்கும்போது எங்கே மூச்சு வாங்கி நிற்கிறார் என்பதையும், வறட்டு இருமல் புதிதாக வந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை வீட்டுக் கணக்கு மட்டுமே. நோய் கண்டறிந்தவுடன் நெஞ்சு சிடி ஸ்கேனும், அதன்பின் குறிப்பிட்ட இடைவெளியில் நுரையீரல் செயல்திறன் சோதனையும், ஆண்டுக்கொரு எக்கோ என்னும் இதய ஸ்கேனும் எடுப்பது வழக்கம்; தொந்தரவு இல்லை என்று அவற்றைத் தள்ளிப் போடாதீர்கள்.

எல்லாவற்றிலும் மேலாக இரத்த அழுத்தம். வீட்டில் ஒரு கருவி வாங்கி வையுங்கள். முடியாதவர்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்களிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். தோல் வேகமாக இறுகிவரும் முதல் ஆண்டுகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது, அதே நேரத்தில் பாருங்கள். மேல் அளவு வழக்கமாக 110-இல் இருப்பவருக்குத் திடீரென 140-ஐத் தாண்டி, தலைவலி, பார்வை மங்கல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் அது சிறுநீரக நெருக்கடியாக இருக்கலாம். அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏசிஇ தடுப்பான் என்னும் இரத்த அழுத்த மருந்து வகையை உடனே தொடங்கினால் உயிரையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற முடிகிறது.

இந்த நெருக்கடியை வரவழைக்கும் காரணங்களில் ஸ்டீராய்டும் ஒன்று என்பது எங்களுக்குத் தெரியாது. அழற்சி என்றாலே ஸ்டீராய்டு என்ற எண்ணத்தில், மூட்டுவலிக்காக ஒரு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுத்த மாத்திரையை அத்தை மூன்று வாரம் விழுங்கினார். வலி போனது; இரத்த அழுத்தம் ஏறியது. பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு நாளுக்கு 15 மில்லிகிராமைத் தாண்டும்போது ஆபத்து கூடுகிறது. முடக்குவாதத்துக்குப் பக்கத்து வீட்டில் சாப்பிடுகிற மாத்திரை இதற்குப் பொருந்தாது. அதே சமயம், மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் தவறு. இந்த நோயில் அழற்சியை அடக்கப் பெரும்பாலும் மைக்கோஃபீனோலேட் போன்ற மருந்துகளைத் தருகிறார்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும், இரத்த அணுக்களை அவ்வப்போது எண்ணிப் பார்க்க வேண்டும், கருத்தரிக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். நுரையீரல் தழும்புக்கு நின்டெடானிப் என்ற மருந்தும் உண்டு.

ஐஸும் உப்புத் தண்ணீரும் இல்லாமல் நம் கடற்கரையில் பிழைப்பு இல்லை. ஐஸ் தொட்டே தீரவேண்டுமென்றால் பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் ரப்பர் கையுறை போடுங்கள். உள்ளுறை நனைந்ததும் மாற்றுங்கள். கையை மட்டும் மூடிப் பயனில்லை, உடம்பும் தலையும் சூடாக இருந்தால்தான் விரலுக்கு இரத்தம் போகும். மரத்த விரலை அடுப்பில் காட்டாமல், வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். பீடியும் புகையிலையும் இரத்தக் குழாயைச் சுருக்கும். சளிக்கு வாங்கும் சில கூட்டு மாத்திரைகளும் அப்படியே, ஆகையால் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். முள் குத்தினால் சுண்ணாம்பு வைக்காமல், சுத்தமான நீரில் கழுவிக் கட்டிக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்; இந்த விரல்களில் புண் ஆற வாரக்கணக்காகும். நெஞ்செரிச்சல் இருந்தால் இரவு உணவை முன்னதாக, கொஞ்சமாக உண்டு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

கடைசியாக, மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள்: நோயின் பெயர் ஸ்க்லீரோடெர்மா, வழக்கமான இரத்த அழுத்தம் இவ்வளவு, சாப்பிடும் மருந்துகள் இவை, நிபுணரின் தொலைபேசி எண் இது, ஸ்டீராய்டு கொடுக்கும் முன் இவரிடம் கேட்கவும். மதுரைக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் ஊரில், நள்ளிரவில் முதலில் பார்க்கப்போவது பக்கத்து மருத்துவமனையின் பணி மருத்துவர்தான். அவர் இந்த நோயாளியை அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.