வேலூருக்கு லீவுல வரீங்களா? ஒரு நாள் ரேடியோ கட்டடம் பாக்கப் போங்க

வெளிநாட்டுலருந்து வேலூர் பக்கம் லீவுக்கு வர்றவங்க பிளான் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், ஸ்ரீபுரம், நடுவுல சிஎம்சில அட்மிட் ஆகியிருக்கற சொந்தக்காரங்க யாரையாவது பாக்குறது, அதோட லீவு முடிஞ்சிடும். பழைய ரேடியோ மேல கொஞ்சம் கிறுக்கு இருக்கறவங்க மட்டும் ஒரு நாள ஒதுக்கி காட்பாடில சென்னைக்கு ரயில் ஏறுங்க.

விடிகாலைல ஏலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கு, சென்ட்ரலுக்கு சுமார் 130 கிலோமீட்டர்தான், ஆனா அரக்கோணம் வந்துட்டா ஆபிஸ் போற கூட்டம் மொத்தமா ஏறிடும், அதனால வயசானவங்க கூட இருந்தா முன்னாடியே ரிசர்வ் பண்ணிடுங்க. வெளிநாட்டு போன் நம்பர வச்சுக்கிட்டு புக் பண்ண மல்லுக்கட்டாம இங்க இருக்கற தம்பி, மச்சான் யார்கிட்டயாவது சொல்லிடுறது சுலபம்.

சென்ட்ரல விட்டு வெளிய வந்தாலே பக்கத்துல வெள்ளவெளேர்னு நிக்கறது ரிப்பன் பில்டிங், 1913-ல திறந்தது, மாநகராட்சி ஆபிஸ். எல்லாரும் ஒரு செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஆனா 1930-ல இங்கருந்துதான் மெட்ராஸ் கார்ப்பரேஷன் ரேடியோ நடத்துச்சுன்னு நம்மள்ல எத்தன பேருக்குத் தெரியும்?

கதை அதுக்கும் முன்னாடியே ஆரம்பிக்குது. 1924 மே மாசம் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்னு ஒண்ணு தொடங்கி, அதே வருஷம் ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பையும் ஆரம்பிச்சுட்டாங்க. டிரான்ஸ்மிட்டர் வெறும் 40 வாட், அதாவது நம்ம வீட்ல முன்னாடி தொங்கின குண்டு பல்பு அளவு பவர், பின்னாடி அத 200 வாட் ஆக்கினாங்க. பம்பாய்லயும் கல்கத்தாவுலயும் பெரிய கம்பெனி ஸ்டேஷன் வந்ததே 1927-லதான், அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே இங்க ஆர்வத்துல கூடின ஆளுங்க செஞ்சு காட்டிட்டாங்க. ஆனா ஆர்வம் இருந்த அளவு காசு இல்ல, 1927 அக்டோபர்ல மூடிட்டாங்க. அந்த டிரான்ஸ்மிட்டர கார்ப்பரேஷன் வாங்கிக்கிட்டு 1930 ஏப்ரல் 1-ல திரும்ப உயிர் குடுத்துச்சு. சாயங்காலம் பாட்டு, ஸ்கூல் பசங்களுக்கு சங்கீதப் பாடம், கதை. வீட்ல ரேடியோ வாங்க வசதி இல்லாதவங்க கேக்கறதுக்கு மெரினாவுலயும் பீப்பிள்ஸ் பார்க்லயும் ஸ்பீக்கர் வச்சாங்க. என்னக் கேட்டா மொத்தக் கதையிலயும் பெரிய விஷயம் இதுதான், குப்பை அள்ளற, தண்ணி விடற ஆபிஸ் ஜனங்களுக்கு பாட்டும் போட்டுருக்கு!

ரிப்பன் பில்டிங் இன்னிக்கும் வேலை நடக்கற ஆபிஸ், அதனால நேரா உள்ள நுழைஞ்சிட முடியாது, கேட்ல செக்யூரிட்டிகிட்ட தன்மையா கேட்டுப் பாருங்க, விடலன்னா வாக்குவாதம் வேணாம், வெளியருந்தே நல்லா தெரியும்.

அங்கருந்து மெட்ரோல ஒரே ஸ்டாப் எழும்பூர். 1938 ஜூன் 16-ல ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸ் ஸ்டேஷன் தொடங்கினது அங்க மார்ஷல்ஸ் ரோட்லதான், இப்ப அது ருக்மணி லட்சுமிபதி சாலை. கவர்னர் எர்ஸ்கின் பிரபு திறந்து வச்சார், அப்ப பிரீமியர், அதாவது இன்னிக்கு முதலமைச்சர் மாதிரி, ராஜாஜி. நம்ம வேலூர் ஜெயில்ல 1921-22-ல டைரி எழுதிக்கிட்டு இருந்த அதே ராஜாஜிதான். இங்க ரொம்ப நேரம் அலைய வேணாம், ரோடு வழியா ஒரு ஆட்டோல போனா போதும்.

1954-ல ஸ்டேஷன் பீச் பக்கம் காமராஜர் சாலைக்கு மாறிடுச்சு, இன்னிக்கும் அங்கதான். சென்ட்ரல் பக்கம் இருக்கற பார்க் டவுன் ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் பிடிச்சா கலங்கரை விளக்கம் ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோல போயிடலாம். காவல் உண்டு, கேட்டுகிட்ட போன நீட்டி வீடியோ எடுக்காதீங்க.

சாயங்காலம் ஏலகிரியே திரும்ப இருக்கு, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடியே கிளம்பிடும், மெரினாவுலருந்து டிராஃபிக்ல வர நேரம் வச்சுக்கோங்க. ஊருக்குத் திரும்பினதும், குடியாத்தமோ ஆற்காடோ எதுவா இருந்தாலும், பெரியவங்ககிட்ட பஞ்சாயத்து ரேடியோ ரூம், அதாவது ஊர் ஜனங்க எல்லாரும் கேக்க பஞ்சாயத்து ரேடியோ வச்சிருந்த ரூம், எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. அப்படியே தாத்தா டிரங்க் பெட்டியில அந்தக் காலத்துல ரேடியோ வச்சுக்க போஸ்ட் ஆபிஸ்ல காசு கட்டி வாங்கின ரேடியோ லைசென்ஸ் புக்கு இருக்கான்னும் பாருங்க, இருந்தா பழைய பேப்பர்காரன்கிட்ட போகவிடாம எடுத்து வச்சுக்கோங்க.