நெர்ஹாவுக்கு செப்டம்பரில் போங்கள்

ஸ்பெயினின் தெற்குக் கடற்கரை ஊரான நெர்ஹாவுக்கு ஆகஸ்டில் டிக்கெட் போடாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் போனேன். அங்குள்ள பூரியானா கடற்கரையில் துண்டு விரிக்க இடம் தேடுவதிலேயே பாதிக் காலை போய்விட்டது. அடுத்த தடவை செப்டம்பர் கடைசி. கூட்டம் கலைந்திருந்தது, வெயில் அப்படியே இருந்தது. ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக் தண்ணீர் வந்து கலப்பதால் இந்தப் பக்கக் கடல் கொஞ்சம் குளிர்ச்சிதான். கோடை முழுக்கச் சூடேறிய பிறகு இறங்கினால் உடம்பு நடுங்காது.

பக்கத்துப் பெருநகரமான மாலகாவின் விமான நிலையத்திலிருந்து ரயிலில் அந்த நகருக்குள் வந்து, பேருந்து நிலையத்தில் நெர்ஹா பஸ் பிடியுங்கள். சுமார் 55 கிலோமீட்டர்தான். தங்குவதற்கு மாலகாவைவிட நெர்ஹாவே எனக்குப் பிடிக்கும். மலையும் கடலும் அங்கே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

காலையைக் கடலுக்கு ஒதுக்குங்கள். பக்கத்து ஊரான மாரோவின் செங்குத்தான பாறைக் கரை, பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. அங்கே கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போனால் பாறையிலிருந்து நேராகக் கடலில் விழும் அருவிக்கு அடியிலேயே போய் நிற்கலாம். காற்று கிளம்புவதற்கு முன், முதல் குழுவோடு போய்விடுங்கள். கடற்கரையில் நம் மெரினா மாதிரி மெத்து மணல் இருக்காது. கறுப்பு மணலும் கூழாங்கல்லும்தான், தண்ணீருக்குள் போடும் ரப்பர் செருப்பு அவசியம்.

உச்சி வெயிலில் நெர்ஹா குகைக்குள் போய்விடலாம். 1959 ஜனவரியில் ஐந்து பையன்கள் கண்டுபிடித்த குகை இது. உள்ளே 32 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புத் தூண் நிற்கிறது. எத்தனை ஆயிரம் வருடம் சொட்டுச் சொட்டாக வளர்ந்திருக்கும் என்று நினைத்தபடி அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். நுழைவு நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கே பசிக்கிறது என்று போனால் பல இடங்களில் சமையல் தொடங்கியிருக்காது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். முதலில் சாப்பிட வேண்டியது எஸ்பெத்தோ, குச்சியில் கோத்துத் தீயில் சுட்ட மத்தி மீன். கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளை சிரிங்கீத்தோ என்பார்கள். வாசலில் மணல் நிரப்பிய பழைய படகு இருக்கும், அதில்தான் விறகு எரியும். மீன் சுடுகிறவர் முழு மத்தி ஆறை ஒரு குச்சியில் கோக்கிறார். முதுகெலும்புக்கு அடியில் குத்தினால்தான் மீன் உடையாமல் நிற்கும். கல்லுப்பைத் தூவி, புகை மீனில் அடிக்காதபடி காற்று வரும் பக்கமாகக் குச்சியை மணலில் நடுகிறார். தோல் குமிழ் விட்டதும் நேரே தட்டுக்கு வருகிறது. முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் சாப்பிடுங்கள், அந்த ஊர்க்காரர்களும் கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

சைவமா? அஹோபிளாங்கோ கேளுங்கள். பாதாமும் பூண்டும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெய் விட்டு அரைத்த குளிர்ந்த சூப், மேலே திராட்சை மிதக்கும். சல்மொரேஹோ என்ற தக்காளி சூப்பில் மட்டும் பன்றி இறைச்சித் துண்டு தூவித் தருவார்கள், ஆர்டர் செய்யும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாலையில் ஃப்ரிஹிலியானாவுக்குப் பஸ் ஏறுங்கள், இருபது நிமிடம். மலைச்சரிவில் சுண்ணாம்படித்த வெள்ளை வீடுகள், சந்துக்குச் சந்து படிக்கட்டு. இங்கே கரும்புப்பாகு காய்ச்சும் பழைய ஆலை இருக்கிறது. கத்தரிக்காயை மெல்லிசாக வறுத்து அந்தப் பாகை மேலே ஊற்றித் தருகிறார்கள். ஒரு வாய் வைத்ததும் அம்மா அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சும் அடுப்படி கண்ணுக்குள் வந்துவிட்டது.

செப்டம்பருக்கு இன்னொரு காரணமும் உண்டு: மாம்பழம். இந்த அக்சார்க்கியா வட்டாரத்தில் மாந்தோப்புகள் ஏராளம், காய் பழுப்பது அப்போதுதான். சந்தையில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், காம்படியை முகர்ந்து பாருங்கள். மணம் இருந்தால் எடுங்கள்.

கரும்புப்பாகு பாட்டில் வாங்கினால், துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.