காவிரி பேசுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் பிறந்தால் கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து டீக்கடைகளில் பெஞ்சுக்கு ஒரு பாசன நிபுணர் முளைத்துவிடுவார். கரைவேட்டி புதிது, குரல் மட்டும் பழுத்த குரல். வாட்ஸ்ஆப்பில் வந்ததை அப்படியே ஒப்பிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்; அதை விட்டுவிடலாம். விவரம் தெரிந்தவர்கள்கூட வழுக்கி விழும் இடங்கள் இவை.

அடியை வைத்துத் தண்ணீரை அளப்பது

"மேட்டூர்ல 60 அடி நிக்குது, பாதி அணை நம்மகிட்ட இருக்கு." எத்தனை முறை திருத்தினாலும் மறு வருஷமும் இதே பேச்சு.

அணையின் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதனால் 60 அடிக்கு 46 டி.எம்.சி. என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். உள்ளே இருப்பது ஏறக்குறைய 25தான். நீர்த்தேக்கம் அடியில் குறுகல், மேலே போகப் போக விரிவு. 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி. நிற்கும். மேலே இருக்கும் கடைசி 20 அடி, கீழே இருக்கும் 60 அடியைவிட அதிகத் தண்ணீர் பிடிக்கும்.

அடுத்தது கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. தீரும். 15,000 கன அடி திறந்தால் நாளுக்கு 1.3 டி.எம்.சி. வரத்து இல்லாமல் 25 டி.எம்.சி.யை அடி வரை வழித்துத் திறந்தாலும் 19 நாள்தான். குடிநீருக்கு நிறுத்த வேண்டியதைக் கழித்தால் அதுவும் இல்லை. குறுவை நெல்லுக்கோ 110 நாளாவது வேண்டும்.

2023 ஜூன் 12 அன்று அணை திறந்தபோது 103 அடி இருந்தது. நூறைத் தாண்டிவிட்டது, இனி என்ன கவலை என்றுதான் பெஞ்சில் பேச்சு. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது, வரத்து இளைத்தது, அக்டோபர் 10-ல் அணையை மூடினார்கள். கடைமடையில் குறுவை காய்ந்தது. திறப்பு நாளின் நீர்மட்டம் பாதி விவரம்தான். மீதி, கர்நாடகத்திலிருந்து வரும் நீரை எல்லையில் அளக்கும் பிலிகுண்டுலுவில் அன்றாடம் என்ன வருகிறது என்பது. இதைச் சொன்னவரைத்தான் "நீ எந்தக் கட்சி?" என்று கேட்டார்கள்.

வருஷக் கணக்கைக் காட்டி மாதக் கணக்கை மறைப்பது

2018 பிப்ரவரி 16-ல் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் வருஷத்துக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்தது 177.25 டி.எம்.சி. அது மாதவாரியாகப் பிரிந்தது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. ஒரு வெள்ளம் வந்தால் மொத்தம் எகிறும். அதை வைத்து "கொடுத்தாச்சே" என்பவரும் தப்பு, பற்றாக்குறை மாதத்தைப் பிடித்துக்கொண்டு "சொட்டுத் தண்ணி தரலை" என்பவரும் தப்பு. எந்த மாதம், அளந்த இடம் எது என்று கேளுங்கள்.

192 என்று சொல்வது

கர்நாடகம் தர வேண்டியது 192 டி.எம்.சி. என்பது 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பின் எண். பழசு; 2018-ல் அது 177.25 ஆகிவிட்டது.

"1974-லேயே எல்லாம் போச்சு"

மைசூரும் சென்னை மாகாணமும் போட்ட 1924 காவிரி ஒப்பந்தத்தின் 50 ஆண்டு அப்போது முடிந்தது உண்மை. நம் பங்கு இன்று நிற்பது 2007, 2018 தீர்ப்புகளின் மேல்.

கடலுக்குப் போவதெல்லாம் வீண்

740 டி.எம்.சி.யைப் பங்கிட்ட 2007 தீர்ப்பே சுற்றுச்சூழலுக்கு 10, கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவதற்கு 4 என்று ஒதுக்கியது. ஆறு கடலைத் தொடாவிட்டால் உப்பு நீர் உள்ளே ஏறும். நாகை, வேதாரண்யம் பக்கம் கேட்டுப் பாருங்கள். காவிரியின் வெள்ள வடிகாலான கொள்ளிடத்தில் போகும் வெள்ளம் வேறு விஷயம்.

"ஏன்" என்று கேட்பது

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று பெஞ்சு நிபுணரைக் கேட்டால் ஆள் அசைய மாட்டார். காரணம் யாரிடமும் ஒரு கூடை இருக்கும். எப்படி என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2013-ல் ஃபிலிப் ஃபெர்ன்பாக் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வில், ஒரு கொள்கை எப்படி வேலை செய்யும் என்று படிப்படியாக விளக்கச் சொன்னதும், தமக்கு எவ்வளவு புரியும் என்று தாங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைப் பலர் குறைத்துக்கொண்டார்கள்.

"ஒரு கதவணை கட்டினா தீர்ந்துச்சு" என்கிறாரா? எந்த ஊரில், எத்தனை டி.எம்.சி. தேங்கும், எந்த வாய்க்காலில் ஏறும்? மூன்றாவது கேள்விக்குள் குரல் இறங்கும். நாலு பேர் முன்னால் கேட்டால் மட்டும் இறங்காது, சண்டைதான் வரும்; டீக்காசு கொடுக்கும்போது தனியாகக் கேளுங்கள்.