செயின் ரம்பத்தைக் கையால் தீட்டுவது எப்படி?

வெட்டும்போது மரம் சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவாகத் தூள் பறந்தாலோ, அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருந்தாலோ உடனே நிறுத்தித் தீட்டுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டினால் செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரும் சேர்ந்து சூடேறித் தேயும். சிங்கப்பூரின் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் வேலை செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிளைகளில் ஒட்டி வளரும் பறவைக்கூட்டுப் பெரணியின் வேர்க்கட்டில் மண்ணும் மட்கிய இலையும் தங்கியிருக்கும். அதோடு சேர்த்து அறுத்தால் கூர் சீக்கிரம் போய்விடும். முதலில் அதைக் கத்தியால் செதுக்கி எடுங்கள்.

வட்ட அரத்தின் அளவு செயினின் பிட்சுக்கு, அதாவது கண்ணிகளின் இடைவெளி அளவுக்கு, பொருந்த வேண்டும். சிறிய ரம்பங்களில் வரும் 3/8 அங்குல லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ., .325 அங்குலத்துக்கு 4.8 மி.மீ. சாதாரண 3/8க்கு 5.2 அல்லது 5.5, செயின் பெட்டியில் அச்சிட்டிருப்பதே முடிவு.

பேட்டரியையோ ஸ்பார்க் பிளக் தொப்பியையோ கழற்றுங்கள். கையுறை போட்டு, பாரை வைஸில் இறுக்குங்கள். எல்லாப் பற்களிலும் நீளம் குறைந்ததைத் தேடி மார்க்கரால் அடையாளமிடுங்கள். அதுதான் அளவு, மற்றவற்றை அதற்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். பல்லின் மேல் உள்ள கோட்டுக்கு இணையாக, வழக்கமாக 30 டிகிரியில், அரத்தைப் பிடியுங்கள். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரியட்டும். உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் தேய்த்துவிடுங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் மாறுங்கள். பல்லுக்கு மூன்று நான்கு தள்ளல் போதும், ஆனால் எண்ணிக்கையை நம்பாமல் வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். இரு பக்கமும் சமமில்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும்.

முடிந்ததா என்பதை வெளிச்சத்தில் பார்க்கலாம். பல்லின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அங்கே இன்னும் மழுங்கல் இருக்கிறது. கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது.

செயினைப் பலவீனமாக்கும் ஒரு பெரிய காரணம், சுழலும் கல்லில் தீட்டும் கிரைண்டர். கல்லை ஓரிடத்தில் அழுத்தி வைத்தால் பல் நீலமாகும். அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது, எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. சில சமயம் அதே இடம் அரம் வழுக்கும் அளவுக்குக் கடினமாகிவிடும். சூடான பல்லைத் தண்ணீரில் முக்கவே கூடாது. தொட்டுத் தொட்டு எடுங்கள், அடைத்துப்போன கல்லைச் சீர்செய்யுங்கள்.

அடுத்தது ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் ஆழ அளவி. பெரும்பாலான செயின்களுக்குப் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று தீட்டலுக்கு ஒருமுறை கேஜ் வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் குறைத்து, முன்முனையை உருட்டிவிடுங்கள். அதிகம் குறைத்தால் ரம்பம் மரத்தைக் கடித்து உதறும், செயினின் மேல் பாரம் ஏறும். ரிவெட்டைச் சுற்றி விரிசல் கண்டால் அந்தச் செயினை ஓட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் செயினைச் சற்றுத் தளர்த்துங்கள். சூட்டில் நீண்டிருந்தபோது இறுக்கியது ஆறும்போது சுருங்கி பாரையும், செயினைச் சுழற்றும் தண்டையும் இழுக்கும். ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரில் கழற்றிய செயினைத் துடைத்து எண்ணெயில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் லிங்க் இறுகிவிடும். இரண்டு செயினுக்கு ஒருமுறை, செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினையும் சீக்கிரம் தேய்த்துவிடும்.