சேர்வராயன் மலைக்கதையை அனிமேஷன் படமாக்கும் முறை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. 1930களில் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய அந்நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. அந்த வளைவைக் கடந்து சேர்வராயன் மலையேறினால், மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடியினரின் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) ஊர்களில் பாட்டிமார் இன்றும் கதை சொல்கிறார்கள். அந்தக் கதைகளைப் படமாக்க விரும்பும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

கனடாவின் வடகோடியிலுள்ள இக்லூலிக் என்னும் இனுயிட் பழங்குடியினரின் ஊர், தம் மொழியில் நிகழ்ச்சி வராத தொலைக்காட்சியை 1970களில் வாக்களித்து மறுத்தது. தம் மொழி ஒலிபரப்பு வந்த பிறகே, 1983இல், அதை ஏற்றுக்கொண்டது. அவ்வூர்க்காரரான சக்கரியாஸ் குனுக், 1981இல் தாம் செதுக்கிய கற்சிற்பங்களை விற்று வீடியோ கேமரா வாங்கினார். இருபது ஆண்டுகள் கழித்து, இனுயிட் மொழியில் அவர் இயக்கிய படத்துக்குக் கான் திரைப்பட விழாவில் தங்கக் கேமரா விருது கிடைத்தது. தம் மொழியைப் பிடித்துக்கொண்ட அந்த உறுதிதான் நம் வேலைக்கும் அடிப்படை.

முதலில் அனுமதி பெற வேண்டும். மலையாளிகளின் முன்னோரான மூன்று அண்ணன் தம்பியர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்னும் வரலாறு சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மூன்றிலும் வழங்குகிறது. சொல்பவருக்குச் சொல்பவர் அது வேறுபடும். எல்லாவற்றையும் கலந்து ஒரு கதையாக்காமல், எந்த ஊரில் யார் சொன்ன கதை என்பதைப் படத்திலேயே குறிப்பிடுங்கள். மலையுச்சிக் குகைக்கோயிலில் இருக்கும் சேர்வராயனையோ காவேரியம்மனையோ பற்றிய கதையென்றால், எதை வரையலாம், எதை வரையக்கூடாது என்பதை ஊர்ப்பெரியவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர்கள் வேண்டாமென்றால், எவ்வளவு அழகான காட்சியானாலும் விட்டுவிடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநருக்கும் (பாடுவோர், நடிப்போர் போன்று நிகழ்த்திக் காட்டுவோருக்கும்) உரிமை வழங்கியது. ஆகவே கதை சொன்னவரின் பெயர், அவருக்குரிய தொகை, படத்தை எங்கெல்லாம் காட்டலாம் என்பன ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டியபின் கையொப்பம் வாங்குங்கள்.

அடுத்தது குரல், படம் வரைவது அதற்குப் பிறகுதான். பாட்டி பேசும் பேச்சை நூல்தமிழாகவோ சினிமாத் தமிழாகவோ திருத்தாதீர்கள். அவர் இழுத்துச் சொல்லும் இடம், நிறுத்தி மூச்சு வாங்கும் இடம், பேரப்பிள்ளை குறுக்கிட்டு "அப்புறம்?" என்று கேட்கும் இடம் எல்லாமே படத்தின் தாளத்தைத் தீர்மானிப்பவை. தகரக் கூரையின் மேல் மழை விழுந்தால் ஒரு சொல்லும் கேட்காது. இப்படி ஒரு மாலை முழுவதையும் நான் வீணாக்கியிருக்கிறேன். மழையும் காற்றும் ஓய்ந்த நேரத்தில், கதவைச் சாத்தி, சுவரோரம் கம்பளியைத் தொங்கவிட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியே போதும். எல்லாரும் போன பிறகு அந்த அறையின் வெறும் ஒலியையும் ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது உதவும்.

வரையும்போது காலத்தை மறக்கக்கூடாது. சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில்தான் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்களில் நிழலுக்காக நட்டிருக்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். கதை அதற்கு முந்தையதென்றால் இவ்விரண்டையும் பின்னணியில் வரையாமல், சாமையும் தினையும் விளைந்த கொல்லையையும் பலாவையும் காட்டெருமையையும் வரையுங்கள். பழைய வீட்டின் கூரை எப்படி வேயப்பட்டது, உரல் எந்தப் பக்கம் இருந்தது என்பனவற்றை இணையத்தில் தேடாமல் பெரியவர்களிடமே கேட்டு, அவர்கள் முன்னாலேயே பென்சிலால் வரைந்து திருத்திக்கொள்ளுங்கள்.

வேலையின் அளவையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு பிரேம் நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியம் வேண்டும். மூன்று நிமிடப் படத்துக்கு 2,160. நான்கைந்து பேருக்கு இது பெரும் சுமை. அட்டையில் கை, கால், தலை தனித்தனியே வெட்டி நகர்த்தும் முறையைக் கையாண்டால் சுமை வெகுவாகக் குறையும். கிரிட்டா, ஓபன்டூன்ஸ், பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் இலவசம். பதிந்த குரலின் மேல் ஸ்டோரிபோர்டு ஓவியங்களை (காட்சிக்குக் காட்சி வரைந்த முன்வரைவுகளை) மட்டும் வரிசையாக ஓடவிட்டு, அதைக் கதை சொன்னவருக்குக் காட்டுங்கள். "அவன் அப்படித் திரும்பமாட்டான்" என்று அவர் சொன்னால் அந்நிலையில் திருத்துவது எளிது. வண்ணம் தீட்டிய பிறகு திருத்த யாருக்கும் மனம் வராது.

படம் முடிந்ததும் இணையத்தில் ஏற்றும் முன், ஊர்ப் பொது இடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரு மாலை திரையிடுங்கள். அங்கே சொல்லப்படும் திருத்தங்களைச் செய்து முடித்து, ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டுக் கதை சொன்னவர் வீட்டிலும், வெட்டித் திருத்தாத முழு ஒலிப்பதிவை ஊர்ப் பள்ளியிலும் கொடுத்து வையுங்கள்.